மெரினா பே கரையா, மாமியார் வீட்டுத் தாழ்வாரமா? சிங்கப்பூர்க் கல்யாணத்தில் இயல்பான படங்கள்

சித்தி மகளுக்கு வரும் தையில் கல்யாணம். சிராங்கூன் ரோட்டுக் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை 9 முதல் 10.30 வரை முகூர்த்தம். அன்று இரவே 7 மணிக்கு ஹோட்டலில் ரிசப்ஷன். பத்திரிகை அச்சுக்குப் போன மறுநாள் அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். “அக்கா, எங்க ரெண்டு பேரையும் மட்டும் தனியா எடுக்கிற படம் இருக்குல்ல, அதை எங்க வச்சு எடுக்கிறது? விறைப்பா நிக்கிற மாதிரி வேண்டாம்க்கா. நாங்க பாட்டுக்கு இருக்கிற மாதிரி இருக்கணும். ஆனா மெரினா பேயும் வேணும்.”

பதினொரு வருஷமாக வார இறுதிகளில் கல்யாணப் படம் எடுத்து வருகிறேன். இந்தக் கேள்வியை எத்தனையோ பெண்கள் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் முதலில் இடத்தைக் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது நேரத்தை. ஒரு தமிழ்க் கல்யாண நாளில் மணமக்கள் வயிறு நிறைந்து, அடுத்து என்ன என்ற பதற்றமில்லாமல், சுற்றிலும் நூறு கண்கள் இல்லாமல் இருக்கும் அரை மணி நேரம் எப்போது வருகிறது? முகம் தளர்வது அந்த அரை மணியில்தான். பின்னால் மெர்லயன் சிலை இருந்தாலும் செருப்பு அலமாரி இருந்தாலும் முகத்துக்கு வித்தியாசம் தெரியாது. அவளுக்குச் சொன்னதையே, இதே யோசனையில் இருக்கும் மற்ற வீடுகளுக்காகவும் விரிவாக எழுதுகிறேன்.

வெயில் கணக்கை முதலில் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் எந்த வழியையும் எடைபோட முடியாது.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 1.3 பாகை வடக்கே இருக்கிறது. நம் கடிகாரம் 1982 ஜனவரி 1 அன்று அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டதால், சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே முந்தி ஓடுகிறது. அதனால் உதயம் 7 மணி வாக்கில், உச்சி 1 மணி வாக்கில், அஸ்தமனம் மறுபடி 7 மணி வாக்கில். வருஷம் முழுக்கக் கால் மணி முன்பின் ஆகும், அவ்வளவுதான். சூரியன் இங்கே நேராக ஏறி நேராக இறங்குகிறது. முகத்துக்கு இதமான அந்தச் சாய்வெயில் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். அஸ்தமனத்துக்குப் பிறகு இருட்ட இருபது நிமிஷம் போதும்.

நம் முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, மணமக்கள் வெளியே வரும் நேரம் சரியாக உச்சிப்பொழுது. புருவத்தின் நிழல் கண்ணில் விழுந்து கண் குழியாகிவிடும். நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் வெள்ளையாகப் பளீரென்று அடிக்கும். கூரைப்புடவையின் சிவப்பு அப்பிக்கொண்டு மடிப்பே தெரியாது. புழுக்கம் வேறு. பத்து நிமிஷத்தில் மேல் உதட்டில் வியர்வை முத்து கட்டும், மேக்கப் அக்கா ஒற்றி எடுப்பார், மறுபடி முத்து கட்டும். இந்த நிலையில் யாரையும் “இயல்பா இருங்க” என்று சொல்வது கொடுமை.

முன்கூட்டியே எடுப்பது

கல்யாணத்துக்குச் சில வாரங்கள் முன்பே ஒரு நாள் ஒதுக்கி எடுப்பதுதான் இப்போது பெரும்பாலோர் யோசிக்கும் முதல் வழி. இதில் இருக்கும் பெரிய நன்மை, மழை வந்தால் தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்பது. அதைவிடப் பெரிய நன்மையும் உண்டு. படக்காரரோடு இரண்டு மணி நேரம் பழகிவிடுகிறார்கள். கல்யாணத்தன்று கேமராவைப் பார்த்து உடம்பு விறைப்பது பாதியாகக் குறைந்துவிடும். கூச்ச சுபாவமுள்ள மாப்பிள்ளைகளுக்கு இதை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

ஆனால் நாள் பார்க்கும்போது வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். காப்புக் கட்டிவிட்டால், நலங்கு வைத்துவிட்டால், பெண்ணை வாசல் தாண்ட விட மாட்டார்கள். அதற்குள் முடித்திருக்க வேண்டும். தாலி ஏறுமுன் தோளில் கை போட்டு எடுத்த படத்தை மண்டப வாசலில் பெரிதாக வைப்பதில் சில பாட்டிகளுக்கு மனக்குறை வரும். அந்தக் குறை கல்யாணத்தன்று மேடையில் முகச்சுளிப்பாக வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். முன்பே பேசிவிடுவது நல்லது.

இடங்களில் என் தேர்வு பூமலை, அதாவது சிங்கப்பூர் பொட்டானிக் கார்டன்ஸ். 1859ஆம் ஆண்டு தொடங்கிய தோட்டம், 2015இல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலமானது. ஆர்க்கிட் தோட்டத்தைத் தவிர மற்ற இடங்களுக்குக் கட்டணமில்லை. காலை 5 மணிக்கே திறந்துவிடுவார்கள். வார நாளில் 7.15க்கு உள்ளே இருந்தால், 1930இல் கட்டிய அந்த எண்கோண இசைமேடையைச் சுற்றியுள்ள மழைமரங்களின் வழியாக வடிகட்டி இறங்கும் வெளிச்சம் 9 மணி வரை தாங்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு புல்வெளியில் நின்றால் பச்சை நிறம் கீழிருந்து தாடையில் அடிக்கும். நம் தோல் நிறத்தில் அது சோகை பிடித்ததுபோல் தெரியும். பாதையிலோ கல் தரையிலோ நிற்பது நல்லது.

ஃபோர்ட் கேனிங்கின் சுழல் படிக்கட்டு, மேலே மரம் கவிந்திருக்கும் அந்த வட்டம், எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததுதான் சிக்கல். வார இறுதியில் வரிசை நிற்கிறது. முக்கால் மணி நேரம் காத்திருந்து, உங்கள் முறை வரும்போது பின்னால் ஐந்து ஜோடிகள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு நிமிஷத்தில் காதலோடு பார்த்துக்கொள்ளச் சொன்னால் எப்படி வரும்? படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் இருப்பது நீங்கள்தான் என்று சொல்ல முகத்தில் ஒன்றும் இருக்காது.

கூன் செங் ரோட்டுப் பெரனாக்கான் (சீன-மலாய்க் கலப்பு மரபு) வீடுகளுக்கும் பலர் போகிறார்கள். அவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். அவர்கள் வாசற்படியில் ஏறி நிற்பதும் காலை 8 மணிக்குப் பாட்டு வைப்பதும் சரியில்லை. லிட்டில் இந்தியாவில் கெர்பாவ் ரோட்டில் இருக்கும் டான் டெங் நியா வீடு, 1900இல் கட்டியது, இன்று சுவரும் சன்னலும் வானவில்லாக நிற்கிறது. தூரத்தில் பின்னணியாக வைத்தால் நன்றாக வரும். சுவரை ஒட்டி நின்றால் பச்சையும் ஊதாவும் கன்னத்தில் ஏறிவிடும். அதற்குப் பதில் பக்கத்தில் பஃபலோ ரோட்டுப் பூக்கடைக்குப் போங்கள். வார நாளில் காலை 8 மணிக்குக் கடைக்காரர் மாலை கட்டிக்கொண்டிருப்பார். நீங்கள் மல்லிகை வாங்குங்கள், முழம் பேசுங்கள், அவர் வைத்துவிடட்டும். கைக்கு ஒரு வேலை கிடைத்தால் முகம் தன் வேலையைப் பார்க்கும்.

இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் ஒரே இடம் போதும். அதுவும் உங்கள் இருவருக்கும் ஏற்கெனவே பழக்கமான இடமாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு ஜோடி தினமும் வேலை முடிந்து சந்தித்த ஈஸ்ட் கோஸ்ட் பார்க் ஓரத்து உணவங்காடிக்கு என்னைக் கூட்டிப் போனார்கள். அவன் வழக்கம்போல் பையில் கட்டிய இரண்டு தேநீரை ஒரே விரலில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். அவள் வழக்கம்போல் “என்னோடது சீனி கம்மின்னு சொன்னியா?” என்று கேட்டாள். சொல்ல மறந்துவிட்டான். அந்த நொடியில் அவள் முகத்தில் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர்கள் வீட்டுக் கூடத்தில் இன்று மாட்டியிருப்பது அந்தப் படம்.

பதிவுத் திருமண நாளை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். இங்கே சட்டப்படி கோயில் சடங்கு மட்டும் போதாது, பதிவு செய்தாக வேண்டும். நம் வீடுகளில் பல இடங்களில் அது கல்யாணத்துக்குச் சில மாதங்கள் முன்பே நடந்துவிடுகிறது. அன்றைக்கு வருவது இரண்டு குடும்பமும் நாலைந்து நண்பர்களும்தான். எளிமையான புடவை, சின்ன மாலை, கனமில்லாத நகை. கையெழுத்துப் போட்டு முடித்ததும் இருவருக்கும் ஒரு லேசான திகைப்பு வரும், “அவ்வளவுதானா? ஆயிடுச்சா?” என்று. அந்த முகத்தோடு அரை மணி நேரம் பக்கத்தில் எங்காவது நிழலில் நடந்தால் போதும். தனியாக ஒரு நாள், தனி மேக்கப், தனி உடை எதுவும் வேண்டாம். வெளிப்புறப் படத்துக்கென்று பெரிய தொகை ஒதுக்க முடியாத வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கல்யாணத்தன்று மதியம் ஊரைச் சுற்றுவது

இதை நான் இப்போது ஒப்புக்கொள்வதில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2019 ஏப்ரல், சித்திரை முகூர்த்தம். பந்தி முடிந்து ரிசப்ஷன் மேக்கப் தொடங்குவதற்குள் மூன்று மணி நேரம் இருந்தது. தேசியக் கலைக்கூடம், மெர்லயன், கரையோரப் பூந்தோட்டம் என்று மூன்று இடம் போட்டுக் கொடுத்தது நான். முதல் இடத்தில் கார் நிறுத்த இருபது நிமிஷம். இரண்டாவது இடத்தில் கூட்டம், வெயில், மணப்பெண்ணின் பட்டு பிளவுஸ் முதுகில் வியர்வைத் திட்டு. மூன்றாவது இடத்துக்குப் போகும் வழியில் வானம் கறுத்தது. ஏப்ரல், மே மாதங்களில் இங்கே பிற்பகலில் இடிமழை கொட்டுவது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் போட்ட திட்டம் அது. கூரைப்புடவையின் கரை முழங்கால் வரை நனைந்து, ஈரப் பட்டின் கனத்தில் மடிப்பு சரிந்து, அந்தப் பெண் காரின் பின் இருக்கையில் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை குனிந்து அவள் புடவைக் கரையைப் பிழிந்துகொண்டிருந்தான். கேமராவை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று மூன்று இடங்களிலும் எடுத்த படங்களில் ஒன்றில்கூட அவள் கண் சிரிக்கவில்லை. ரிசப்ஷனுக்கு அரை மணி தாமதம். அந்தத் தாமதத்துக்கு அவளுடைய அப்பா வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

அதற்குப் பிறகு மணமக்களைக் காரில் ஏற்றி ஊர் சுற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். மண்டபத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் நல்ல நிழல் இருந்தால் பத்து நிமிஷம் போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

சடங்குக்குள்ளேயே எடுப்பது

நம் கல்யாணத்தைக் கட்டமைத்த பெரியவர்கள் மணமக்களைச் சிரிக்க வைக்கும் இடங்களை முறையாக வைத்திருக்கிறார்கள். மாலை மாற்றும்போது மாமன்மார் தூக்கிக்கொண்டு விலகுவது, அம்மி மிதித்து மெட்டி போடக் காலைப் பிடிக்கும்போது அவள் கூசுவது, குடத்துக்குள் இருவரும் கை விட்டு மோதிரம் தேடுவது. இவற்றுக்கு யாரும் போஸ் சொல்லித் தர வேண்டியதில்லை. குடத்துக்குள் கை இருக்கும் அந்த அரை நிமிஷம் இருவருக்கும் கேமரா இருப்பதே மறந்துவிடும். மண்டப மேடையில் நான் எடுத்ததிலேயே உயிருள்ள முகங்கள் அங்கேதான் கிடைத்தன.

குறை என்ன? தனிமை கிடையாது. பின்னால் ஐயர், தோழி, இரண்டு அத்தை, முன்னால் இருபது செல்பேசி. வீடியோக்காரர் முகத்துக்கு நேரே பிடிக்கும் விளக்கில் கண் சுருங்கிவிடும். மேடை அலங்காரத்தில் ஊதா எல்இடி வைத்திருந்தால் மஞ்சள் பூசிய முகம் சாம்பல் நிறமாகிவிடும். இரண்டையும் பேசிச் சரி செய்யலாம். கெட்டிமேளம் முடிந்த பிறகு பத்து நிமிஷம் அந்த விளக்கை அணைத்துவைக்க வீடியோக்காரரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அலங்காரக்காரரிடம் மேடைக்கு வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கு மட்டும் என்று சொல்லிவிடுங்கள். படக்காரரும் மேடையில் ஏறி நெருங்காமல் 85 மி.மீ. லென்ஸோடு ஓரமாக நிற்பவராக இருந்தால், சுற்றியிருக்கும் கூட்டம் மங்கி இரண்டு முகம் மட்டும் நிற்கும்.

இது எந்த வழியைத் தேர்ந்தாலும் கூடவே வர வேண்டியது. தனியாக இது மட்டும் போதுமா என்றால், இருவரும் சேர்ந்து நின்று அமைதியாகப் பார்க்கும் ஒரு படம் வீட்டுக் கூடத்துக்கு வேண்டும் என்பவர்களுக்குப் போதாது.

பால் பழத்துக்குப் பிறகு

என் மனசுக்குப் பிடித்த வழி இது.

மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் வருகிறாள். ஆரத்தி, வலது கால், விளக்கேற்றுவது, பிறகு பால் பழம். அதிகாலை 4 மணிக்கு மேக்கப்புக்கு உட்கார்ந்தவள் அப்போதுதான் உண்மையாகவே உட்கார்கிறாள். வீட்டில் பத்துப் பதினைந்து பேர்தான். மற்றவர்கள் மண்டபத்தில் பாத்திரம் எண்ணிக்கொண்டும், ரிசப்ஷனுக்கு உறங்கி எழப் போயும் இருப்பார்கள். தாலி கட்டியாகிவிட்டது. வயிறு நிறைந்துவிட்டது. அடுத்த மேக்கப் 3.30க்குத்தான். எனக்குத் தெரிந்து முழு நாளில் மணமக்களுக்கு என்று சொந்தமாக இருக்கும் அரை மணி இது ஒன்றுதான்.

இடம்? வீவக வீட்டு வாசல், அதாவது அரசு அடுக்குமாடி வீட்டு வாசல்.

பழைய நீள புளோக்குகளின் பொதுத் தாழ்வாரத்தைப் படக்காரரின் கண்ணோடு பாருங்கள். மேலே அடுத்த மாடியின் தளம், உச்சி வெயிலை முழுசாகத் தடுத்துவிடுகிறது. ஒரு பக்கம் மார்பளவுச் சுவர். வெளிச்சம் அந்த ஒரு பக்கத்திலிருந்து மட்டும், பக்கவாட்டில், முகத்துக்கு நேராக வருகிறது. எதிர் புளோக்கின் வெளிர் நிறச் சுவரில் பட்டுத் திரும்பும் வெயில் இன்னும் மென்மையாகிவிடுகிறது. ஸ்டூடியோவில் பெரிய வெள்ளைத் துணி கட்டி வரவழைக்கும் வெளிச்சத்தை இங்கே கட்டடமே தருகிறது. வெளியே எங்கேயும் படம் எடுக்க முடியாத பகல் 2 மணியில்தான் இது மிக நன்றாக இருக்கும். சுவரை ஒட்டி நிற்காமல், ஓரடி உள்ளே, வீட்டுக் கதவுப் பக்கம் தள்ளி நிற்க வேண்டும். கண்ணில் ஒரு சின்ன வெள்ளைச் சதுரம் மின்னும். அது தெரிந்தால் சரியான இடம்.

வாசலில் வாழைமரம் கட்டியிருக்கும், மாவிலைத் தோரணம் இருக்கும், காலையில் போட்ட கோலம் பாதி அழிந்திருக்கும், மணி பிளாண்ட் தொட்டியும் சைக்கிளும் இருக்கும். துடைப்பத்தையும் குப்பைப் பையையும் மட்டும் எடுத்துவிடுங்கள். மற்றவை இருக்கட்டும். முப்பது வருஷம் கழித்துப் பேரப்பிள்ளை பார்க்கும்போது அந்த வீட்டை அடையாளம் காட்டப் போவது அவைதான்.

போன வருஷம் ஆங் மோ கியோவில் ஒரு வீடு, எட்டாவது மாடி. பால் பழம் முடிந்து பெண்ணுக்குத் தலை வலி. பூஜடையின் கனம். மேக்கப் அக்கா இன்னும் வந்து சேரவில்லை. தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்து, மாப்பிள்ளையே ஊசி ஊசியாக எடுக்க ஆரம்பித்தான். எடுத்த ஒவ்வொன்றையும் இடது உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டே எண்ணினான். “பதினாலு… பதினஞ்சு… இவ்வளவா குத்தி வச்சிருக்காங்க?” அவள் கண்ணை மூடிக்கொண்டு, “மெதுவா, இழுக்காதீங்க” என்றாள். மாமியார் நிலைப்படியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி கதவைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சிரித்து, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார். நான் 35 மி.மீ. லென்ஸோடு எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். பிளாஷ் இல்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊசி நாற்பத்தொன்று. கடைசி ஊசி வந்ததும் அவள் தலையைப் பின்னால் சாய்த்து அவன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். அது ஒரு படம். அவன் கைநிறைய ஊசியை நீட்டிக் காட்டுவது இன்னொரு படம். ஹோட்டல் வாசலில் வைப்பதற்கு அந்த வீட்டார் தயாராக வைத்திருந்தது முன்கூட்டியே எடுத்த வேறொரு படம். ஆனால் அவள் தன் அம்மாவுக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தது ஊசிப் படத்தை.

இதிலும் தடைகள் உண்டு. புதிய புளோக்குகளில் தாழ்வாரம் குறுகல், சில மாடிகளில் மின்தூக்கி வாசலோடு முடிந்துவிடும். அங்கே சமையலறை சன்னலோ, மாடிப்படி திரும்பும் இடமோ, அறைச் சன்னலில் வெள்ளைத் திரையை இழுத்துவிட்டோ அதே வெளிச்சத்தைப் பெறலாம். எதிரே புளோக் இல்லாமல் மேற்குப் பார்த்த தாழ்வாரமாக இருந்தால் 3 மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே வந்துவிடும். அதற்குள் முடிக்க வேண்டும். புளோக்கின் கீழ்த்தளமும் இதே போன்ற நிழல்தான், ஆனால் தூண்களுக்கு நடுவில் இல்லாமல் வெளிவிளிம்புக்கு அருகே நிற்க வேண்டும். நடுவில் இருட்டு.

எமகண்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாள்காட்டிப்படி 12 முதல் 1.30. அந்த நேரத்தில் பெண்ணை வீட்டுக்குள் அழைக்கப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே பந்தி முடிந்து நிதானமாகக் கிளம்பி 1.30 தாண்டி வீடு சேர்வதாகவே திட்டம் போடுங்கள். 1.45க்குப் பால் பழம், 2 மணியிலிருந்து 2.30 வரை படம். அந்த அரை மணியில் யாரும் “இன்னும் ஒரே ஒரு குரூப் போட்டோ” என்று வராமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். எல்லோரும் மதிக்கும் தாய்மாமன் பொருத்தம். படக்காரர் சொன்னால் கேட்க மாட்டார்கள், மாமா சொன்னால் கேட்பார்கள்.

மாலையும் இரவும்

மெரினா பேயில் மாலை வெயிலில் எடுக்கலாமே என்று தங்கை கேட்டாள். அவளுடைய தேதிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஜனவரி இறுதியில் சூரியன் மறைவது ஏறக்குறைய 7.15. அவள் ரிசப்ஷன் 7 மணிக்கு. நல்ல வெளிச்சம் வரும் நேரத்தில் விருந்தினர் வாசலில் நிற்பார்கள். ராகு காலமும் குறுக்கே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அது நாள்காட்டிப்படி 4.30 முதல் 6. உதயத்தை வைத்துக் கணக்கிடும் வீடுகளில் 5.45 வாக்கில் தொடங்கி அஸ்தமனம் வரை போகும். எப்படிப் பார்த்தாலும் புறப்படும் நேரம் சிக்குகிறது. இந்த வழி, மாலை 8 மணிக்குத் தொடங்கும் ரிசப்ஷனுக்கும் சனிக்கிழமைக் கல்யாணத்துக்கும் வேண்டுமானால் ஒத்துவரும்.

அவளுக்கு நான் சொன்னது, ரிசப்ஷன் முடிந்த பிறகு, இரவு 10.30க்கு மேல். கடைசிக் கைகுலுக்கல் முடிந்திருக்கும். நகையில் பாதியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்திருப்பாள். குதிச் செருப்பை மாற்றித் தட்டைச் செருப்பு போட்டுக்கொள்ளலாம். நகர விளக்கும் லெஹங்காவும் ஒன்றுக்கொன்று பொருந்தும். கூரைப்புடவையை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் இரண்டும் ஒட்டாது. 2010இல் திறந்த ஹீலிக்ஸ் பாலத்தில் அந்த நேரத்தில் ஓடுபவர்களும் ஒன்றிரண்டு சுற்றுலாப் பயணிகளும்தான் இருப்பார்கள். தண்ணீரில் விளக்கு கலங்கித் தெரியும். இருவரும் அன்றைக்கு நடந்ததை, யார் மொய்க் கவரில் பெயர் எழுத மறந்தார், யார் இரண்டாம் முறை பிரியாணி கேட்டார் என்று பேசிக்கொண்டு நடந்தால் இருபது நிமிஷத்தில் பத்து நல்ல படம் கிடைக்கும். படக்காரருக்குக் கூடுதல் நேரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும், அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஹோட்டல் குளிரிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். கேமராவைப் பைக்குள்ளேயே பத்துப் பதினைந்து நிமிஷம் வைத்திருக்கச் சொல்லுங்கள். களைப்பாக இருந்தால் அந்த நேரத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிடும் உரிமையும் உங்களுக்கு இருக்கட்டும். மதியமே வீட்டில் எடுத்திருந்தால் இழப்பில்லை.

கல்யாணம் முடிந்து வேறொரு நாள் அதே புடவை கட்டி எடுப்பதும் உண்டு. மனசு நிதானமாக இருக்கும், உண்மை. ஆனால் அதே மேக்கப், அதே பூ, அதே மடிப்புக்கு மறுபடி செலவு. தேதி தள்ளித் தள்ளிப் போய் எடுக்காமலே விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

படக்காரரைத் தேர்வு செய்யும்போது பொறுக்கிய படங்களை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பத்தையும் கேளுங்கள். அதில் மணப்பெண்ணின் அத்தையும் சமையற்காரரும் எப்படித் தெரிகிறார்கள் என்று பாருங்கள். அங்கே முகங்கள் தளர்ந்திருந்தால் உங்களுக்கும் அப்படியே வரும். இன்னொன்றை நான் கெஞ்சியே கேட்பேன். நம் நிறத்தை வெளுக்காதவரைத் தேர்ந்தெடுங்கள். மாநிறத்தையும் கறுப்பையும் இரண்டு படி ஏற்றி, மூக்கின் பளபளப்பைத் துடைத்து, கண்ணுக்குக் கீழே இருக்கும் நிழலை அழித்து ஆல்பம் கொடுக்கிறார்கள். நம் தோலில் மஞ்சளும் சந்தனமும் எவ்வளவு அழகாக நிற்கும் என்பது சரியான வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். “அப்பா மாதிரியே இருக்கா” என்று சொல்ல வேண்டிய படத்தில் அப்பாவின் நிறமே இல்லையென்றால் அந்தப் படம் யாருடையது? முதல் சந்திப்பிலேயே, நிறத்தைத் தொடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். முகம் சுளிப்பவர் வேண்டாம்.

தங்கை இரண்டு நாள் யோசித்தாள். வெளிப்புறப் படத்துக்கென்று தனியாக ஒரு நாள் வேண்டாம், பதிவுத் திருமணத்தன்று அரை மணி, கல்யாணத்தன்று மாமியார் வீட்டில் அரை மணி, இரவு முடிந்தால் பாலம் என்று பதில் வந்தது. “அத்தைகிட்ட கேட்டுட்டேங்க்கா. வாசல்ல இருக்கிற சைக்கிள எடுத்துடவான்னு கேக்கறாங்க.” எடுக்க வேண்டாம் என்று எழுதினேன். புளோக் எண்ணும் மாடி எண்ணும் அனுப்பியிருக்கிறாள். வரும் ஞாயிறு மதியம் 2 மணிக்கு அந்தத் தாழ்வாரத்தில் போய் நின்று, எதிர்ச் சுவர் என்ன நிறம் என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.